மேசையில் ஒழுங்காக ஓடிய இசட்80 பெட்டிக்குள் போனதும் தடுமாறியது ஏன்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் இரண்டு பேர். நான் போர்டு கட்டிப் பழக்கப்பட்டவன், சாலடரிங் இரும்பு எப்போதும் சூடாகவே இருக்கும். மற்றவர் என்னைவிட வயதில் மூத்த நண்பர், எழுதுகிறவர். 80களில் சிபி/எம் என்ற இயக்க முறைமை ஓடும் இயந்திரம் ஒன்றில்தான் தட்டச்சே பழகினார். வேர்ட்ஸ்டார் என்ற எழுதும் நிரலில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஸ், டி, ஈ, எக்ஸ் என்று கர்சரை நகர்த்துவதை இன்றும் அவர் யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாகப் போகும்.

அவர் கேட்டது இவ்வளவுதான். "எழுத மட்டும் தெரிஞ்ச இயந்திரம் ஒண்ணு வேணும். மடியில வைக்கணும், ஒரு நாள் முழுக்க சார்ஜ் நிக்கணும். முடியுமா?"

முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். ஒரு நாள் என்பதைப் 12 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டோம்.

பழைய இயந்திரம் ஒன்றையே வாங்கிவிடலாமா என்றும் பேசினோம். 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1இல் இருந்ததும் நாங்கள் நினைத்திருந்த அதே இசட்80 செயலி, அதே சிபி/எம்தான், ஆனால் கிட்டத்தட்ட 11 கிலோ, உள்ளே பேட்டரி கிடையாது, சுவரில் செருகினால்தான் ஓடும். இரண்டே வருடம் கழித்து, 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 நான்கு டபுள்-ஏ பேட்டரியில் 20 மணி நேரம் வரை ஓடியது. 8 வரி, 40 எழுத்துத் திரை, 2.4 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 80சி85 செயலி. நடுவில் இருக்கும் அந்த "சி" சிமாஸை, அதாவது மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் வகையைக் குறிக்கிறது, மாடல் 100ஐ மடியில் உட்கார வைத்தது அந்த ஒரு எழுத்துதான் என்பேன். இந்த ஒப்பீட்டைத் தொடங்கும்போதே நாங்கள் பேசியிருந்தும், அதன் பொருளை முழுசாக உள்வாங்காமல்தான் வேலையில் இறங்கினோம். பின்னால் வந்த சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியது.

மாடல் 100 வேண்டாம் என்று முடிவானதற்குக் காரணம், அதில் சிபி/எம் இல்லை, அவருடைய விரல்களுக்கு வேர்ட்ஸ்டார் வேண்டும். நன்றாக ஓடுகிற பழைய இயந்திரம் ஒன்றை அறுத்து உள்ளுறுப்பை எடுக்கவும் எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அதனால் புதிதாகக் கட்டுவது என்று முடிவு.

தேர்ந்தெடுத்த பாகங்கள்

மூளைக்கு 20 மெகாஹெர்ட்ஸ் தர சிமாஸ் இசட்80. அதை 7.3728 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓட்டினோம். அந்த எண்ணை 64ஆல் வகுத்தால் சரியாக 115200 வரும், சீரியல் இணைப்பின் வேகம் அது, அதற்குத் தனிக் கிரிஸ்டல் தேவைப்படாது. 2024 ஏப்ரலில் ஸைலாக் நிறுவனம் இந்த வரிசை சிப்களை நிறுத்துவதாக அறிவித்து, ஜூன் 14 வரைக்கும்தான் கடைசி ஆர்டர் என்று சொல்லிவிட்டது. நாங்கள் தொடங்கியது அதற்கு அடுத்த வருடம், ஆக கைக்குக் கிடைத்த இடத்தில் வாங்க வேண்டியிருந்தது.

நினைவகம் 64 கேபி. தொடங்கும்போது மட்டும் ரோம் (தொடக்க நிரல் இருக்கும் அழியாத நினைவகம்) தெரியும், சிபி/எம் ஏறியதும் அது விலகி முழு இடமும் ராமுக்குப் போகும். வட்டுக்குப் பதில் ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டை, 8-பிட் முறையில். சிபி/எம் 2.2இல் ஒரு டிரைவ் 8 எம்பிக்கு மேல் போகாது என்பதால் அட்டையைப் பல டிரைவ்களாகப் பிரித்து, 'ஏ' நிரல்களுக்கு, 'பி' அவர் எழுத்துக்கு என்று வைத்தோம்.

திரை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 240க்கு 128 புள்ளி எல்சிடி, உள்ளே டி6963சி என்ற கட்டுப்பாட்டுச் சிப். 6 புள்ளி அகல எழுத்தில் 40 எழுத்து, 16 வரி கிடைக்கும். வேர்ட்ஸ்டார் எதிர்பார்ப்பதோ 80க்கு 24. இந்தச் சிப்பில் ஒரு நல்ல வசதி உண்டு: ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்பதை 80 என்று அறிவித்துவிட்டு, திரை எந்த முகவரியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். 80க்கு 24 பக்கம் முழுசாக அதன் நினைவகத்தில் இருக்கும், கண்ணுக்குத் தெரிவது 40க்கு 16 ஜன்னல், அது கர்சரின் பின்னால் நகரும். ஆஸ்போர்ன் 1கூட 52 எழுத்துத் திரையை இப்படித்தான் நகர்த்திச் சமாளித்தது. நண்பருக்கு ஜன்னல் பக்கவாட்டில் குதிப்பது கண்ணை உறுத்தியது, அவரே கன்ட்ரோல்-ஓ, ஆர் அடித்து வலது ஓரத்தை 38இல் நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம் குதிப்பே இல்லை.

மின்சாரத்துக்கு இரண்டு 18650 லித்தியம் செல்கள், ஒவ்வொன்றும் 2600 மில்லிஆம்பியர்-மணி, இணையாக. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உரித்த செல்கள் கையில் இருந்தன, அவற்றைத் தொடவில்லை. உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிற பொருளில் வரலாறு தெரியாத லித்தியம் செல் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதுச் செல்கள், பாதுகாப்புச் சுற்றோடு, இரண்டின் வோல்டேஜும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு இணைத்தோம். அங்கிருந்து வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர் வழியாக 5 வோல்ட்.

கணக்கு காகிதத்தில் போட்டேன். எல்லாம் சேர்த்து 200 மில்லிஆம்பியருக்குள் வரும், 15 மணி நேரம் தாராளமாக ஓடும் என்று வந்தது. அளந்து பார்க்கவில்லை, டேட்டாஷீட்டைப் பார்த்துக் கூட்டியதுதான்.

மேசையில்

மேசையில் இரண்டு மாதம் ஓடியது. 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றைச் செருகி வைத்திருந்தோம், எவ்வளவு கேட்டாலும் அது கொடுக்கும், எனவே எவ்வளவு கேட்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை. அரைமணி நேரம் ஓடியபின் சில நாள் நின்றுவிடும், அணைத்து ஆறவிட்டால் மறுபடி ஓடும். சாலடர் எங்கோ சரியில்லை என்று நினைத்து இரண்டு வாரம் ஒவ்வொரு காலாக மறுபடி சூடுகாட்டினேன். கடைசியில் முகவரியைப் பிரிக்கும் 74எச்சி138 சிப்பை எடுத்துவிட்டு 74எச்சிடி138 போட்டதும் சரியானது. சரியானதே போதும் என்று மேலே போய்விட்டேன். ஏன் சரியானது என்று அன்றைக்கே கேட்டிருந்தால் அடுத்து வந்தது பாதி மிச்சமாகியிருக்கும்.

பெட்டிக்குள் போனதும்

மடிக்கும் மூடி வைக்கவில்லை. ஒரே பலகை, மேலே திரை, கீழே விசைப்பலகை, பிளைவுட் பெட்டி, மொத்தம் 1.6 கிலோ. நண்பர் வாங்கிக்கொண்டு போனார்.

முதல் வாரமே சொன்னார், ஆறரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது என்று. இன்னொன்றும் சொன்னார், அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: "இடது கை வைக்கிற இடம் வெதுவெதுன்னு இருக்கு."

பெட்டியைத் திரும்ப வாங்கி, 5 வோல்ட் பாதையில் மல்டிமீட்டரைத் தொடராகப் போட்டேன். 390 மில்லிஆம்பியர். நான் கூட்டியதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

சிப்பின் மேல் எழுதியிருந்தது

ஒவ்வொரு சிப்பாக விரல் வைத்துப் பார்த்தேன். இசட்80 மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை. உண்மையான சிமாஸ் இசட்80 இந்த வேகத்தில் 20 மில்லிஆம்பியர் அளவில்தான் எடுக்கும், அது சூடாகவே கூடாது.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, இசட்80 வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆவணத்தில் இல்லாத ஒரு கட்டளை, பதினாறடிமானத்தில் ஈடி 71. சி பதிவேடு காட்டும் போர்ட்டுக்கு அது ஒரு எண்ணை அனுப்பும். அதிக மின்சாரம் இழுக்கும் பழைய என்மாஸ் வகைச் சிப் என்றால் 0 போகும், சிமாஸ் என்றால் 255 போகும். எங்கள் போர்டில் 8 எல்இடி உள்ள வெளியீட்டுப் போர்ட் ஒன்று சோதனைக்காக வைத்திருந்தோம். முதலில் எட்டையும் ஏற்றினேன், அப்புறம் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன். சிமாஸ் என்றால் எட்டும் எரிந்தபடியே இருக்க வேண்டும். எட்டும் அணைந்தன.

பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேற்புறத்தைத் துடைத்தபோது வெள்ளை எழுத்து கரைந்து பஞ்சில் வந்தது. அடியில் பழைய அச்சின் தடம் லேசாகத் தெரிந்தது. யாரோ பழைய போர்டிலிருந்து கழற்றிய என்மாஸ் சிப்பின் முகத்தைத் தேய்த்து, கறுப்புப் பூசி, 20 மெகாஹெர்ட்ஸ் சிமாஸ் என்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். விற்றவரைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை, அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

இப்போது மேசைத் தொல்லையும் புரிந்தது. என்மாஸ் இசட்80 "உயர்" நிலைக்கு உறுதி தருவது 2.4 வோல்ட் மட்டும்தான். 74எச்சி குடும்பம் 5 வோல்ட்டில் 3.5க்கு மேல் வந்தால்தான் உயர் என்று ஒப்புக்கொள்ளும், 74எச்சிடிக்கோ 2 வோல்ட் போதும். இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த சமிக்ஞை சூடானதும் கீழே விழுந்திருக்கிறது. சாலடரில் குற்றமே இல்லை.

உண்மையான சிமாஸ் ஒன்றை நம்பகமான இடத்தில் தேடி வாங்கிப் போட்டதும் 390 என்பது 280 ஆனது. மீதி எங்கே போகிறது என்று பார்த்தால், கையிருப்பில் இருந்தது என்று நான் போட்ட, அதிக மின்சாரம் இழுக்கும் பழைய 74எல்எஸ் வகைச் சிப்கள் ஏழு. எச்சிடிக்கு மாற்றியதும் 220. இந்த வேலை ஒரு மாலையில் முடிந்திருக்கும். ஆனால் புதுச் சிப் வருவதற்கு மூன்று வாரம் ஆகும் என்றதும், அதுவரை அப்படியே பயன்படுத்துகிறேன், எழுத்து நடுவில் நிற்கிறது என்று நண்பர் கேட்டார். ஆறரை மணி நேரம் எனக்குப் போதும் என்றார். சரி என்று கொடுத்துவிட்டேன். மேலே சொன்ன மாற்றங்கள் எல்லாம் இனி சொல்லப்போவது நடந்த பிறகுதான் நடந்தன. அந்தச் சரி நான் எடுத்த தவறான முடிவு.

அட்டை அழிந்த நாள்

அவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் எழுதியிருந்தார். சேமிக்க கன்ட்ரோல்-கே, எஸ் அடித்தார். திரையில் எழுத்துகள் கலைந்து அப்படியே நின்றுவிட்டன. அணைத்து, சார்ஜ் ஏற்றி, மறுபடி போட்டு, 'பி' டிரைவில் பட்டியல் கேட்டார். கோப்பு எதுவும் இல்லை என்று வந்தது.

அவர் என்னிடம் கோபப்படவில்லை. போனில், "அதுல பதிமூணு கோப்பு இருந்தது" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மீட்பு

இயந்திரத்தைத் தொட வேண்டாம், அட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன். முதல் வேலையாக அட்டை முழுவதையும் கணினியில் பைட் பைட்டாகப் பிரதி எடுத்தேன். அசல் அட்டை உறைக்குள் போனது, மற்ற எல்லாமே பிரதியில்.

சிபி/எம்மில் ஒரு கோப்பு விவரம் 32 பைட். அட்டையின் ஒரு செக்டர் (ஒரே தடவையில் எழுதப்படும் துண்டு) 512 பைட், ஆக ஒரு செக்டரில் 16 விவரங்கள். 'பி' டிரைவின் பட்டியல் தொடங்கும் முதல் செக்டரில் அர்த்தமில்லாத பைட்கள் நிறைந்திருந்தன. அடுத்த செக்டரிலிருந்து எல்லாம் ஈ5, ஈ5 என்று காலி இடத்துக்கான குறி ஒழுங்காக இருந்தது. போனது ஒரே செக்டர், ஆனால் அவருடைய பதிமூன்று கோப்பும் அந்த ஒன்றில்தான் இருந்தன. எழுத்து அப்படியே பின்னால் இருக்க வேண்டும், எது எங்கே என்கிற பட்டியல் மட்டும்தான் இல்லை.

அவர் நினைவிலிருந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார். தேடினேன், வரவில்லை. தனித்தனிச் சொல்லாகத் தேடினாலும் வரவில்லை. ஒரு நிமிடம் கை நடுங்கியது. அப்புறம்தான் உறைத்தது: வேர்ட்ஸ்டார் பத்தியை ஒழுங்குபடுத்தும்போது ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் எட்டாவது பிட்டை ஏற்றிவிடும். கடைசி எழுத்து மட்டும் வேறு எண்ணாக மாறிக் கிடக்கும், நேராகத் தேடினால் அகப்படாது. பிரதியில் எல்லா பைட்டிலும் எட்டாவது பிட்டை இறக்கிவிட்டுத் தேடியதும் வாக்கியம் வந்து நின்றது. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், திரையில் தன் வரியைப் பார்த்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

வேர்ட்ஸ்டார் ஒவ்வொரு சேமிப்பிலும் புதிதாக ஒரு கோப்பை எழுதி, பழையதற்குப் பின்பிரதி என்று பெயர் மாற்றும். அதனால் ஒரே கட்டுரையின் நாலைந்து வடிவங்கள் அட்டையில் சிதறிக் கிடந்தன. எது கடைசி வடிவம் என்று எந்த நிரலும் சொல்லாது, எழுதியவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு மாலை சேர்ந்து உட்கார்ந்தோம், 4 கேபி துண்டுகளாக நான் எடுத்துக் கொடுக்க அவர் படித்து வரிசைப்படுத்தினார். கடைசி நாள் எழுதியதில் இரண்டு பக்கம் தவிர எல்லாம் வந்துவிட்டது.

என்னதான் நடந்தது

அதே நிலையை மேசையில் திரும்ப உண்டாக்கிப் பார்த்தோம், வேறொரு அட்டை போட்டு. செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்போது வோல்டேஜ் ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பை 5 வோல்ட் பாதையில் வைத்து, கோப்பு ஒன்றைச் சேமித்தேன். கோடு 4.2 வரை விழுந்து, சுமார் 4 மில்லிசெகண்ட் கிடந்து, ஏறியது.

பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒரே அளவு ஆற்றலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். செல்லின் வோல்டேஜ் இறங்கினால் அதை ஈடுகட்ட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். எங்கள் இயந்திரம் அப்போது செல்லிடமிருந்து 0.7 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. செல் ஹோல்டரின் ஸ்பிரிங், நான் போட்ட மெல்லிய வயர், ஸ்லைடு சுவிட்ச், பாதுகாப்புச் சுற்று எல்லாம் சேர்ந்து 0.35 ஓம். கால் வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. அட்டை எழுதும்போது இன்னும் கொஞ்சம் கேட்கும், இன்னும் விழும், விழுந்ததை ஈடுகட்ட இன்னும் இழுக்கும்.

அந்த 4 மில்லிசெகண்டில் இசட்80 முப்பதாயிரம் கடிகாரத் துடிப்பு ஓடிவிடும், என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரீசெட்டுக்கு நான் வைத்திருந்தது ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும்தான். சுவிட்சைப் போடும்போது அது வேலை செய்யும், ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தாழ்ந்தால் அதற்குத் தெரியாது. சேமிப்பின் முடிவில் பயாஸ் (சிபி/எம்மில் வன்பொருளைக் கையாளும் பகுதி) பட்டியல் செக்டரை உடனே எழுதும், தள்ளிப்போடாது. அந்த நேரத்தில் நினைவகத்தில் கலைந்து கிடந்ததை அது அட்டையில் எழுதிவிட்டது.

போலிச் சிப்பையும் இதையும் வேறு வேறு பிரச்சினையாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான். 390 இழுத்திருக்காவிட்டால் வழியில் இவ்வளவு வோல்டேஜ் தொலைந்திருக்காது.

மாற்றியவை

சிப்கள் மாறியதை முன்பே சொன்னேன். செல்லிலிருந்து கன்வெர்ட்டர் வரை தடிமனான வயர், ஸ்லைடு சுவிட்சை எடுத்துவிட்டு மின்னோட்டம் தாங்கும் சுவிட்ச், இறுக்கமான ஹோல்டர். 0.35 ஓம் இப்போது 0.12. அட்டையின் பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று.

மின்சாரத்தைக் கண்காணித்து ரீசெட் கொடுக்கும் மூன்று கால் சிப் ஒன்று போட்டேன். 5 வோல்ட் 4.6க்குக் கீழே போனால் இசட்80யையும் அட்டையையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்திவிடும். எழுதும் நடுவில் நிறுத்தினாலும் செக்டர் கெடலாம் என்பதால் அது மட்டும் போதாது. விசைப்பலகையைப் படிக்கும் மைக்ரோகன்ட்ரோலரில் வோல்டேஜ் அளக்கும் கால் ஒன்று சும்மா கிடந்தது, அதைச் செல்லோடு இணைத்தேன். 3.5 வோல்ட்டில் திரை மூலையில் எச்சரிக்கை வரும், சேமித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். 3.3இல் அட்டையில் எழுத பயாஸ் மறுத்துவிடும். மறுத்தால் சிபி/எம் தன் வழக்கப்படி "செக்டர் கெட்டுவிட்டது" என்று சொல்லும். ஏற்கெனவே ஒரு முறை எழுத்தை இழந்தவருக்கு அந்த வரியைக் காட்டக் கூடாது என்று தோன்றியது, அதற்கு முன்பே பேட்டரி தீர்ந்தது, அட்டை நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி காட்டும்படி எழுதினேன்.

பேக்லைட்டைக் கொஞ்சம் குறைத்தோம், மொத்தம் 190 மில்லிஆம்பியரில் வந்து நின்றது.

பிறகு

இப்போது எட்டு மாதம் ஆகிறது. ஒரு சார்ஜில் சுமார் 14 மணி நேரம் ஓடுகிறது. இடது கைப் பக்கம் சூடு இல்லை. அட்டையில் ஒரு முறைகூட எதுவும் கெடவில்லை. 3.3 வரை இரண்டு முறை போயிருக்கிறது, இரண்டு முறையும் எழுத மறுத்தது, சார்ஜரைச் செருகியதும் கோப்பு பழைய நிலையில் இருந்தது.

இன்னொன்று கட்டினால்

கணக்குக்குப் பதில் அளவு. பிரெட்போர்டில் முதல் சிப் ஏறிய நாளிலிருந்தே மல்டிமீட்டர் தொடரில் இருக்கும், மேசையிலும் அடாப்டர் கிடையாது, அதே செல்லில்தான் ஓட்டுவேன். வாங்கும் ஒவ்வொரு இசட்80யும் போர்டில் ஏறும் முன் அந்த ஈடி 71 சோதனையைத் தாண்ட வேண்டும், 20 வரி நிரல், ரோமிலேயே வைத்துவிட்டேன். சிக்கல் தீராத இயந்திரத்தை எழுதுகிறவர் கையில் கொடுக்க மாட்டேன், கேட்டாலும்.

சார்ஜ் ஏற்றும் இடம் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை. டிபி4056 சிப் 1 ஆம்பியரில் ஏற்றி, மின்னோட்டம் அதில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் நிறுத்தும். இயந்திரம் ஓடிக்கொண்டே சார்ஜ் ஏறினால் இயந்திரம் இழுப்பதே 100 மில்லிஆம்பியருக்கு மேல், ஆக நிறுத்த வேண்டிய தருணம் வரவே வராது, செல் 4.2இல் தொங்கிக்கொண்டே இருக்கும். அதனால் செருகியதும் இயந்திரம் அணைந்துவிடும்படி வைத்திருக்கிறேன். செருகியபடியே எழுத வேண்டும் என்று நண்பர் கேட்கிறார். வெளி மின்சாரம் வந்ததும் சுமையைச் செல்லிலிருந்து பிரித்து அதன் மேல் மாற்றிவிடும் சுற்று ஒன்றைத் தனிப் போர்டில் கட்டி, மின்னோட்டத்தை அளந்துகொண்டிருக்கிறேன். அவருடைய பெட்டி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.